கூரை ஒழுகினாலும் வாடகையை நிறுத்தாதீர்கள்: குடித்தனக்காரர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல். வீடு ஒழுகுகிறது, சுவர் ஊறுகிறது, வீட்டுக்காரர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஐப்பசி மழை வந்தால்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி மொட்டைமாடிகளின் லட்சணம் தெரியும். கீழே "புதிய சட்டம்" என்று நான் சொல்வதெல்லாம் 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தை. 1960-ஆம் வருஷத்துப் பழைய சட்டத்தை வைத்துக்கொண்டு இன்னும் யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

தருமபுரி, பென்னாகரம் சாலைப் பக்கம் குடியிருக்கிறோம். வாடகை 8,000. படுக்கையறை மேல்தளம் ஒழுகுகிறது. "எல்லா ரிப்பேரும் வாடகைதாரர் பொறுப்பு" என்று அக்ரிமெண்டில் போட்டிருக்கிறதே, ஐயா?

போட்டிருக்கட்டும். யார் எந்தப் பழுதைப் பார்க்க வேண்டும் என்று புதிய சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பிரித்து வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலும் அட்டவணைதான் செல்லும். 15-ஆம் பிரிவு இதை நேராகவே சொல்கிறது. கூரை, சுவர், தூண் எல்லாம் கட்டடத்தின் உடம்பு. நீங்களே இடித்துக் கெடுத்திருந்தாலொழிய அது வீட்டுக்காரர் செலவு.

முதலில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எந்த அறை, எந்த மூலை, எந்தத் தேதியில் முதலில் பார்த்தீர்கள், எத்தனை நாளில் சரிசெய்து தர வேண்டும் என்று நாலே வரி போதும். நியாயமான அவகாசம் கொடுத்தும் அவர் அசையாவிட்டால், நீங்களே கொத்தனாரை வைத்துச் செய்துவிட்டு வாடகையில் பிடித்துக்கொள்ளலாம். ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் மட்டும் பிடிக்கக் கூடாது. வேலை 14,000 ரூபாய் ஆனால், மாதம் நாலாயிரம் வீதம் மூன்றரை மாதம், நாலு மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீதி நாலாயிரத்தை மாதாமாதம் கட்டியே ஆக வேண்டும். இரண்டு கொத்தனாரிடம் மதிப்பீடு வாங்குங்கள், பில்லை வைத்திருங்கள், வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுங்கள்.

இன்னொன்று. கறை தெரிகிற இடத்தில்தான் ஓட்டை இருக்கும் என்று நினைத்து உள்பக்கம் பூச விடாதீர்கள். மாடியில் தட்டோடுகளின் இணைப்பு விட்டுப் போய், தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கி, பத்தடி தள்ளி வந்து சொட்டும். உள்ளே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. தண்ணீர் உள்ளேயே தங்கிக் கம்பி துருப்பிடிக்கும், துரு உப்பிக் காரையைத் தள்ளும், ஒரு நாள் பாளம் பாளமாகத் தலையில் விழும்.

குழாய் சொட்டுகிறது, இரண்டு சுவிட்ச் உடைந்துவிட்டது, ஜன்னல் கண்ணாடி ஒன்று விரிசல். ஓனர் வரவே மாட்டேன் என்கிறார். (ஓசூர், ராயக்கோட்டை சாலை)

அவர் வர வேண்டியதில்லை. இவை மூன்றும் உங்கள் பொறுப்பு. வாஷரும் சுவிட்சும் கடையில் வாங்கி மாட்டுங்கள்.

ஓனர் ரிப்பேர் செய்யவில்லை. என்ன செய்யலாம்? உடனே பதில் தரவும்.

என்ன ரிப்பேர்? எந்த ஊர்? வாடகை எவ்வளவு? அக்ரிமெண்ட் உண்டா, எழுதிக் கொடுத்தீர்களா? ஒன்றும் இல்லை. மாதத்துக்கு நாலைந்து கடிதமாவது இப்படி வருகிறது. நோய் என்னவென்று சொல்லாமல் மருந்து கேட்டால் எந்த வைத்தியரும் கொடுக்க முடியாது. விவரத்தோடு மறுபடி எழுதுங்கள், கட்டாயம் பதில் தருகிறேன்.

மழை பெய்தால் சமையலறைச் சுவரைத் தொட்டாலே ஷாக் அடிக்கிறது. "ஈரம் காய்ந்தால் சரியாகிவிடும்" என்கிறார் வீட்டம்மா. (கிருஷ்ணகிரி, பழைய பேட்டை)

காயும் வரை காத்திருக்காதீர்கள் அம்மா. இன்றைக்கே அந்தப் பக்கத்து இணைப்பை மெயினில் நிறுத்துங்கள். லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு எர்த் இருக்கிறதா, ஒயரின் மேலுறை நைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மின்கசிவு வந்தால் தானே அணைத்துவிடும் ஆர்சிசிபி இல்லாத வீடாக இருந்தால், சட்டம் கிட்டம் எல்லாம் அப்புறம், முதலில் அதைப் போடுங்கள். சுவருக்குள் ஓடும் ஒயரிங் வீட்டுக்காரர் செலவு. சுவிட்ச், சாக்கெட், பிரேக்கர் உங்கள் செலவு. அதனால் பில்லை இரண்டாகப் போட்டு வாங்குங்கள். வயர்மேனிடம் "சுவரில் மின்கசிவு இருக்கிறது" என்று ஒரு தாளில் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் இருந்தால் ஈரம் காயட்டும் என்று யாரும் சொல்ல முடியாது.

மூன்று மாதமாக வாடகை கொடுப்பதை நிறுத்திவிட்டேன். அப்போதாவது புத்தி வரட்டும். நான் செய்தது சரிதானே? (ஓசூர், பாகலூர் சாலை)

சரியில்லை தம்பி. இந்தத் தவறைத்தான் வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருந்தது. அதை எடுத்து எதிராளி கையில் கொடுத்துவிட்டீர்கள்.

இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, நோட்டீஸ் கொடுத்தும் ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால், அது ஒன்றே உங்களைக் காலி செய்ய வைக்கப் போதுமான காரணம். கூரை ஒழுகியது, நீங்கள் பத்து முறை போன் செய்தீர்கள், அவர் எடுக்கவில்லை என்பதெல்லாம் வாடகை பாக்கிக்குப் பதில் ஆகாது. பாதி வாடகை வரை பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. அதுவும் வேலையைச் செய்து முடித்து, செலவழித்த பிறகுதான். வேலையே செய்யாமல் முழு வாடகையை நிறுத்துவதற்கு எந்தப் பிரிவும் இல்லை.

நாலைந்து வருஷத்துக்கு முன் ஒரு அம்மா என்னிடம் வந்தார். தருமபுரியில் வாடகை வீட்டின் முன்னறையிலேயே தையல் மெஷின் போட்டுப் பிழைத்தவர். போனில் இருநூறு படம் வைத்திருந்தார். சொட்டுகிற இடத்தில் பிளாஸ்டிக் வாளி, மெஷின் மேல் போர்த்திய தார்ப்பாய், சுவிட்ச்போர்டிலிருந்து தரை வரை வழிந்த துருக்கோடு, நனைந்து சாயம் இறங்கிப் போன ஒரு கல்யாணப் பட்டு ஜாக்கெட். அந்த ஜாக்கெட்டுக்கு அவரே காசு கொடுத்திருக்கிறார். படத்தைப் பார்த்தால் யாருக்கும் மனசு இளகும். "எழுதிக் கொடுத்தீர்களா அம்மா?" என்றேன். "வாயால எத்தனையோ தடவை சொன்னேங்க" என்றார். கோபத்தில் ஐந்து மாதம் வாடகை கொடுக்கவில்லை. வீட்டுக்காரர் கையில் ஐந்து மாத பாக்கிக் கணக்கு இருந்தது, இந்த அம்மா கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. கடைசியில் சமரசமாகக் காலி செய்தார். ஐந்து மாத வாடகையும் அட்வான்ஸில் கழிந்தது. அடுத்து வந்தவருக்கு அதே கூரை ஒழுகியது.

ஆகவே இந்த வாரமே மூன்று மாத வாடகையையும் வங்கி வழியாகப் போட்டுவிடுங்கள். "பழுது பற்றிய என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அவர் வாங்க மறுத்தால் மணியார்டரிலோ வேறு வழியிலோ இரண்டு மாதம் தொடர்ந்து அனுப்பிப் பாருங்கள். அதுவும் திரும்பி வந்தால் வாடகை அதிகாரியிடம் கட்டலாம். அவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி. உங்கள் பக்கம் ஓசூர் சப்-கலெக்டர் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். வாடகை கையில் கொடுக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். ரசீது இல்லாத வாடகை, கொடுக்காத வாடகைதான்.

பாத்ரூம் கழிவுக்குழாய் உடைந்து புகார் எழுதிக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து மோட்டார் போடுவதில்லை. ஒகேனக்கல் தண்ணீர் வருகிற நாளில் மட்டும் குடம் பிடிக்கிறோம். (தருமபுரி, பாரதிபுரம்)

எழுதிக் கொடுத்தீர்களே, நல்லது. தண்ணீர், மின்சாரம், கழிப்பறை வசதி எல்லாம் அத்தியாவசிய சேவை. என்ன சண்டையாக இருந்தாலும் வீட்டுக்காரர் அதை நிறுத்தக் கூடாது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். விசாரணை முடியும் வரை காத்திருக்காமல், உடனே திரும்பக் கொடு என்று இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. எந்தத் தேதியிலிருந்து மோட்டார் நின்றது என்று நாள்வாரியாகக் குறித்துப் போங்கள். லாரித் தண்ணீர், கேன் தண்ணீர் வாங்கிய சீட்டையும் சேர்த்து வையுங்கள். உடைந்த குழாயை மாற்றுவது வீட்டுக்காரர் வேலை. அடைப்பு எடுப்பது மட்டும் உங்களுடையது. நம் போர்வெல் தண்ணீரில் உப்பு படிந்தே பாதிக் குழாய் அடைத்துப் போகிறது. அது அடைப்பா, குழாயே போய்விட்டதா என்பதை பிளம்பரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

6 லட்சம் போக்கியத்துக்கு வீடு எடுத்தோம். மாத வாடகை கிடையாது. சுவர் வெடித்திருக்கிறது. "வாடகையா கொடுக்கிறீர்கள்?" என்று கேட்கிறார் ஓனர். (ஓசூர், மத்திகிரி)

அவர் கேட்பது அநியாயம். ஆறு லட்சத்துக்கு வட்டி போட்டுப் பாருங்கள், மாதம் நாலைந்தாயிரம் தேறும். அதுதான் நீங்கள் கொடுக்கிற வாடகை. ஆனால் பிடித்துக்கொள்ள மாத வாடகை இல்லாததால், முதல் பதிலில் சொன்ன வழி உங்களுக்கு அப்படியே உதவாது. எழுத்தில் கேளுங்கள். அவர் சம்மதித்தால், நீங்கள் செய்கிற செலவு போக்கியத் தொகையோடு சேரும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு மூட்டை சிமெண்ட்கூட இறக்காதீர்கள்.

சுவரைவிட எனக்குக் கவலை உங்கள் பத்திரம். 20 ரூபாய் ஸ்டாம்பு பேப்பரில் எழுதி இரண்டு பேர் சாட்சி போட்ட போக்கியம்தானே? சொத்தை ஈடாக வைக்கிற போக்கியம் என்றால் சார்பதிவாளரிடம் பதிவு செய்தால்தான் செல்லும். வில்லங்கம் போட்டுப் பாருங்கள். அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து அவர் கட்டாமல் போனால், ஆறு லட்சத்துக்கு நீங்கள் அலைய வேண்டியிருக்கும்.

பத்து மாத அட்வான்ஸ் வாங்கினார்கள். காலி செய்து ஒன்றரை மாதம் ஆகிறது. பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பேன் என்கிறார். (ஓசூர், சிப்காட் பக்கம்)

பத்து மாதம் என்பது பெங்களூர்ப் பழக்கம், எல்லை தாண்டி ஓசூருக்கு வந்துவிட்டது. நம் சட்டம் சொல்வது மூன்று மாதம். இருவரும் சம்மதித்து எழுதியிருந்தால் மட்டும் கூடுதலாக வாங்கலாம். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்ப வேண்டும். வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் அட்டவணைப்படி வீட்டுக்காரர் வேலை. ஆணியடித்துச் சுவரைப் பெயர்த்திருந்தால் அதற்கு மட்டும் கழிக்கலாம். நோட்டீஸ் அனுப்புங்கள்.

நான் வீட்டுக்குச் சொந்தக்காரன். பழுது பார்க்கப் போனால் குடித்தனக்காரர் கதவைத் திறக்க மறுக்கிறார். சாவி என்னிடம் இருக்கிறது, திறந்து போகலாமா? (காரிமங்கலம்)

கூடாது. 24 மணி நேரம் முன்னதாக, காரணத்தோடு எழுத்தில் சொல்லிவிட்டுப் பகலில் போங்கள். பழுது பார்க்கத் தயாராக இருப்பவர் நீங்கள், சாவியைப் போட்டுத் திறந்து அந்த நல்ல பெயரைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அக்ரிமெண்டே கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. புகார் கொடுத்தால் காலி செய்யச் சொல்வாரோ? (அரூர்)

சொல்லக்கூடும். ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாமல் இருப்பதையே புதிய சட்டம் வெளியேற்றக் காரணமாக வைத்திருக்கிறது. அதனால் புகாருக்கு முன் ஒப்பந்தம். எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யலாம் என்று நீங்களே கேளுங்கள். அந்தக் கோரிக்கையும் எழுத்தில் போகட்டும். வாட்ஸ்ஆப்பில் அனுப்பி அவர் "சரி" என்று பதில் போட்டால் அதைப் படம் பிடித்து வையுங்கள். தபாலில் அனுப்பினால், 2025-இல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள், சேர்ப்பித்ததற்கான சான்று கேட்டு வாங்குங்கள்.

ஊராட்சிப் பகுதியில் பழைய கல் பலகைக் கூரை வீடு. பலகைகளுக்கு நடுவே இறங்குகிறது. எங்களுக்கும் இந்தச் சட்டம் உண்டா? (தேன்கனிக்கோட்டை அருகில்)

அந்த ஆராய்ச்சியில் நாளைக் கடத்த வேண்டாம். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் 108-ஆம் பிரிவு இருக்கிறது. வீட்டுக்காரர் செய்ய வேண்டிய பழுதை, நோட்டீஸ் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், நீங்கள் செய்து வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். இங்கேயும் முதலில் நோட்டீஸ்தான். அந்தப் பழுது அவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கல் பலகைக்கு வெறும் சிமெண்ட் பூச்சு நிற்காது. வெயிலில் கல் விரிந்து இரவில் சுருங்கும்போது இணைப்பில் கீறல் விட்டுவிடும். பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, நெகிழ்ந்து கொடுக்கிற சீலண்ட் வைத்து அடைக்கச் சொல்லுங்கள். பலகையிலேயே குறுக்காக விரிசல் தெரிந்தால் மட்டும் அடைக்கிற வேலையே வேண்டாம். அதன் கீழே பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள். நோட்டீஸிலும் அதையே முதல் வரியாக எழுதுங்கள்.