லேசரைக் கூட்டினால் கிராஃபீன் (ஓரணுத் தடிமனுள்ள கார்பன் தாள்) சவ்வின் ஒத்திசைவு முகடு, அதாவது அதிர்வெண்ணுக்கு எதிராக அதிர்வின் வீச்சை வரைந்தால் எழும் உச்சம், சாய்வது ஏன்? காரணம் ஒளியா, சவ்வா?

இரண்டும் காரணமாகலாம், அளக்கும் முறையும் காரணமாகலாம். சிலிக்கான் மேலுள்ள 285 நானோமீட்டர் தடிமன் ஆக்சைடில் குழி, மேலே 5 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒற்றை அடுக்குக் கிராஃபீன், அதிர்விக்க 405 நானோமீட்டர் நீல டயோடு, அதிர்வைப் படிக்க 632.8 நானோமீட்டர் சிவப்பு ஹீலியம்-நியான் லேசர் என்ற வழக்கமான அமைப்பை வைத்தே சொல்கிறேன்.

முதலில் சிவப்பு லேசரின் திறனைத் தொடாமல் நீலத்தின் ஏற்ற இறக்கத்தை மட்டும் கூட்டுங்கள். முகடு வலப்பக்கம் சாய்ந்து, அதிர்வெண்ணை ஏற்றும்போதும் இறக்கும்போதும் வெவ்வேறு இடத்தில் விழுந்தால் அது சவ்வின் வேலை. வீச்சு கூடக்கூட சவ்வு இழுபட்டு விறைக்கிறது (டஃபிங் விளைவு).

அடுத்து நீலத்தைக் குறைத்து வைத்துச் சிவப்பைக் கூட்டுங்கள். சாயாமல் முகடு அப்படியே மேல் அதிர்வெண்ணுக்கு நகர்ந்தால் அது சூடு. ஒற்றை அடுக்கு விழும் ஒளியில் சுமார் 2.3 சதவீதத்தை உறிஞ்சும். கிராஃபீன் சூடானால் சுருங்கும், இழுவிசை ஏறும். பறையைத் தீயில் காய்ச்சுவது போலத்தான், அங்கே போவது ஈரம் என்பது மட்டும் வேறு. முகட்டின் அகலமும் மாறினால், சூடு சற்றுத் தாமதமாக வந்து சவ்வைத் தள்ளுகிறது என்று பொருள். குழியின் ஆழத்தைப் பொறுத்து அது அதிர்வை அடக்கும், அல்லது ஊட்டும். ஊட்டம் அதிர்வின் ஆற்றல் இழப்பை மிஞ்சினால் தூண்டல் இல்லாமலே சவ்வு அதிரத் தொடங்கும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகக் குழு 2012இல் இதைக் காட்டியது.

பலர் கோட்டைவிடுவது குழியின் ஆழத்தில்தான். 285 நானோமீட்டர் ஆக்சைடு கிராஃபீனை நுண்ணோக்கியில் கண்ணால் பார்க்க ஏற்றது. ஆக்சைடு போய் வெற்றிடமான குழியில் கணக்கே வேறு: சிலிக்கானுக்கு மேல் அரை அலைநீளம், அதாவது சுமார் 316 நானோமீட்டர், நெருங்கினால் சிக்னலின் சரிவு (சவ்வு நகரும்போது திரும்பி வரும் ஒளி எவ்வளவு மாறுகிறது என்பது) பூஜ்யத்தை நோக்கிப் போகும். அங்கே சவ்வு நேரியலாக அதிர்ந்தாலும் சிக்னலில் இரட்டை அதிர்வெண் பெரிதாகத் தெரியும். அதைச் சவ்வின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். சரிவு அதிகம் கிடைப்பது 237 நானோமீட்டர் அருகே. ஆனால் ஒளி சூட்டின் வழியே சவ்வைத் தள்ளும் பின்விளைவும் அங்கேதான் அதிகம், சிவப்பைக் குறைவாகவே வையுங்கள்.

முகடு இடப்பக்கம் சாய்கிறதா? குழிக்குக் காற்றுப்போக்கி இருக்கிறதா பாருங்கள். கிராஃபீன் வாயுவை எளிதில் விடாது. வெற்றிட அறையில் உள்ளே மாட்டிய காற்று சவ்வை உப்பவைக்கும், சமச்சீர் கெடும், முகடு இடப்பக்கம் திரும்பலாம். சவ்வு மூடாத பக்கத்துக் குழியோடு ஒரு சிறு வாய்க்கால் வெட்டினால் போதும்.