முதலில் தலை, பிறகு மனம்: குத்துச்சண்டை வீரர்களுக்கான கேள்வி பதில்

கேள்வி: என் தம்பி வெளிநாட்டில் தொழில்முறைக் குத்துச்சண்டை வீரன். பதினெட்டு நாளைக்கு முன் நொக் அவுட் ஆகி, இப்போது வீட்டில் நிற்கிறான். அறையை விட்டு வருவதில்லை, இரவில் நித்திரை இல்லை, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறான். "தோத்த கவலைதான், திரும்ப றிங்குக்குள்ள ஏறினாச் சரியாயிடும்" என்கிறார் கோச். அப்படியே விடலாமா?
– ஓர் அக்கா, உப்புவெளி

பதில்: விட வேண்டாம். எரிச்சல், நித்திரையின்மை, ஆட்களைத் தவிர்ப்பது எல்லாம் தோல்வியின் கவலையாலும் வரும், மூளை அதிர்ச்சியாலும் வரும். பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிய முடியாது. அதனால் முதலில் தலையைப் பார்க்க வேண்டும். மூளை ஆறுமுன் விழும் இரண்டாவது அடி சிறியதாக இருந்தாலும் சேதம் பெரிதாகலாம். அமெச்சூர் விதிகளே நொக் அவுட்டுக்குப் பின் குறைந்தது 30 நாள் ஸ்பாரிங் என்ற பயிற்சிச் சண்டையைக்கூட அனுமதிப்பதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சண்டை வீடியோவைப் போனில் கொண்டு போங்கள். எத்தனை செக்கன் நினைவில்லாமல் கிடந்தார், பிறகு வாந்தி எடுத்தாரா, முன்பும் இப்படி விழுந்திருக்கிறாரா என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தம்பியிடம் கேட்டால் "ஒண்டுமில்லை டொக்டர்" என்றுதான் வரும். தலையிடி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, வலிப்பு, கைகால் தளர்வு, எழுப்ப முடியாத உறக்கம் ஆகியவற்றில் எது கண்டாலும் நேரம் பாராமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

இருட்டறையில் வாரக்கணக்காகப் படுக்க வைப்பது பழைய வைத்தியம். முதல் 24 முதல் 48 மணித்தியாலம் இலேசான ஓய்வு போதும். அதன்பின் நடை நல்லது. விடியற்காலையில் டச்சு பே கடற்கரையில் பதினைந்து நிமிடத்தில் தொடங்கலாம். அடுத்து மெதுவான சைக்கிள், பின் நிழற்குத்து (எதிராளி இல்லாமல் காற்றில் குத்துவது), பின் குத்துப் பை, பேட். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு முழு நாள். தலையிடிக்குப் பத்துக்கு எத்தனை என்று கேளுங்கள். இருந்ததைவிட இரண்டுக்கு மேல் ஏறினால் அன்றைக்கு நிறுத்தி, அடுத்த நாள் முந்திய படிக்கு. ஸ்பாரிங் வைத்தியர் எழுதித் தந்த பிறகுதான். நாலு வாரம் கடந்தும் குறிகள் நின்றால் நிபுணரிடம் அனுப்பச் சொல்லுங்கள்.

மனதைப் பார்ப்பதும் இதோடு சேர்ந்தே நடக்கட்டும். இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்களில் சோர்வும் எதிலும் பிடிப்பின்மையும் இருந்தால் மனநல வைத்தியரைக் காண்பதே முறை. "சாகலாம் எண்டு நினைப்பு வருதா தம்பி?" என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், மாத்திரைகளையும் பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினியையும் கைக்கெட்டாமல் பூட்டுங்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இரவிலும் எடுக்கும்.

காசையும் விசாரியுங்கள். தொழில்முறையில் சண்டைக்குத்தான் சம்பளம். மருத்துவத் தடை என்றால் வருமானமே இல்லை. தலையிடியை மறைப்பதற்குப் பல நேரம் வீரம் அல்ல, கடன்தான் காரணம்.

கேள்வி: சண்டைக்கு முன் எடைப் பிரிவுக்காக எடை பார்க்கும் வாரத்தில் என் பொடியன்கள் பேய் பிடித்தவர் போல் ஆகிறார்கள். இது மனப் பிரச்சினையா?
– ஒரு பயிற்றுநர், திருகோணமலை நகர்

பதில்: பெரும்பாலும் தண்ணீர்ப் பிரச்சினையும் பசியும். 60 கிலோ ஆள் 3 கிலோ வியர்த்து இறக்கினால் உடல் எடையில் 5 சதவீதம் போயிற்று. அதற்கு வெகு முன்பே எரிச்சலும் கவனச் சிதறலும் வந்துவிடும். கச்சான் என்ற சூடான வறண்ட காற்று வீசும் மாதங்களில், பொலித்தீன் சுற்றிக்கொண்டு மத்தியானத்தில் ஓடுவது உயிராபத்து. வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோ என்று இறக்க, 3 கிலோவுக்கு நாலைந்து வாரம் வேண்டும். கணக்கு அவ்வளவுதான், ஆனால் சண்டை ஒப்புக்கொள்ளும் அன்றே அதைப் போடுவோர் குறைவு. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லீற்றர் மெல்ல மெல்லக் குடிக்க வேண்டும். எடை பார்த்த பிறகு ஜீவனி என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் தூள் நல்லது, பொதியில் போட்ட அளவு நீரில் கரைத்து.

காலையில் எடையோடு இன்னும் இரண்டு எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள்: எத்தனை மணித்தியாலம் நித்திரை, மனநிலை பத்துக்கு எவ்வளவு. "மனசு சரியில்லை" என்று வாய் திறக்காத வீரர் "நாலு" என்று சொல்லிவிடுவார். தண்ணீரும் சாப்பாடும் திரும்பி ஒரு வாரமாகியும் அந்த நாலு ஏறாவிட்டால், அது எடையின் கோபம் அல்ல. வென்றவரையும் விடாமல் பாருங்கள்: ஹெவிவெயிட் வீரர் டைசன் ஃபியூரி 2015 நவம்பரில் கிளிட்ச்கோவை வென்றபின்தான் மனச்சோர்வில் வீழ்ந்தார், றிங்குக்குத் திரும்ப 2018 ஜூன் ஆயிற்று.

கேள்வி: மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்தால் ஊக்கமருந்துப் பரிசோதனையில் பிடிபடுவேனா?
– பெயர் வேண்டாம், கிண்ணியா

பதில்: வழக்கமாகத் தரும் ஃப்ளுஒக்செற்றின், சேர்ட்ராலின் இரண்டும் உலகத் தடைப்பட்டியலில் இல்லை. கவனக்குறைவுக் கோளாறுக்குத் (ADHD) தரும் மெதில்ஃபெனிடேற் போட்டிக் காலத்தில் தடை. அதற்கு மருத்துவ விலக்கு அனுமதி வாங்க வேண்டும். எடை குறைக்கச் சிலர் கைமாற்றும் சிறுநீர் பெருக்கி மாத்திரை எக்காலத்திலும் தடை. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யப் பெரும்பாலும் சில வாரம் செல்லும். சண்டை நெருங்குகிறதென்று திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றும் பதற்றமும் வரும், அந்த நிலையில் றிங் ஏறக் கூடாது. கிளினிக்கில் சண்டைத் திகதியைச் சொல்லுங்கள். எப்போது தொடங்குவது, எந்த வேளையில் போடுவது என்பதை அதற்கேற்ப வைத்தியர் தீர்மானிப்பார்.