185-க்குப் பதில் 205 டயர் போட்டால் ஃபெண்டரில் (சக்கரத்தை மேலே மூடியிருக்கும் தகட்டில்) உரசுமா?

அகலத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. டயரில் 185/65 ஆர்15 என்றிருந்தால் அகலம் 185 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரிம்மின் விட்டம் 15 அங்குலம். 185/65 ஆர்15-ஐக் கழற்றிவிட்டு 205/60 ஆர்15 போட்டால் அகலம் 20 மி.மீ. கூடும், உள்ளே 10, வெளியே 10. விட்டம் 621.5-இலிருந்து 627 மி.மீ. ஆகும், அது ஒன்றுமில்லை. ஆனால் 205/65 என்று ஆசைப்படாதீர்கள். விட்டம் 647.5-க்குப் போய்விடும், உரசலைக் காசு கொடுத்து வாங்கின மாதிரி.

பெரும்பாலும் வில்லன் ரிம்தான். ரிம்மில் ‘ஈடி 45’ என்பதுபோல ஆஃப்செட் பொறித்திருக்கும், அதாவது ரிம்மை வண்டியில் மாட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்ற அளவு. அதே அகலத்தில் ஈடி 35 ரிம் மாட்டினால் சக்கரம் இன்னும் 10 மி.மீ. வெளியே வரும். பழைய ரிம்மே என்றால் கவலை உள்பக்கம்தான்: டயருக்கும், அதன் உள்பக்கம் ஷாக் அப்சார்பரோடு நிற்கும் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே விரலை விட்டுப் பாருங்கள். சுண்டுவிரலே திணறினால் 205-ஐ மறந்துவிடுங்கள், 195 போதும்.

மாட்டியபின் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். பின்சீட்டில் மூன்று பேரை ஏற்றி வண்டியை வேகத்தடையில் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். காலி வண்டியில் கேட்காத ‘சர்ர்’ அப்போதுதான் கேட்கும். சத்தம் பிடிபடாவிட்டால் வீல் ஆர்ச்சின் (சக்கரம் உட்காரும் குழிவின்) உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கைப் பாருங்கள். உரசிய இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கும். ஃபெண்டர் விளிம்பை மடக்கலாம் என்பார்கள். பெயின்ட் வெடித்துத் துருப்பிடிக்கும், நான் செய்யமாட்டேன்.