ரைபோசோம் மரபணுக்களின் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறுகிறதாமே, அதனால் நோய் வருமா?

பெரும்பாலான மரபணுக்களுக்கு நம்மிடம் இரண்டு படிகள் (நகல்கள்)தான்: தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமுக்கு வேண்டிய ஆர்.என்.ஏ.வைத் தரும் மரபணுக்களோ நூற்றுக்கணக்கில், 13, 14, 15, 21, 22ஆம் குரோமோசோம்களின் குட்டைக் கைகளில் (இடுங்கிய பகுதிக்கு ஒருபுறமுள்ள குட்டையான பாதியில்) வரிசைகட்டி நிற்கின்றன. ஒருவருக்கு 200, இன்னொருவருக்கு 600 என்றாலும் இருவரும் நலமாகவே இருக்கலாம். ஏனெனில் பல படிகள் எப்போதும் செயல்படாமல் பூட்டியே கிடக்கின்றன. இப்படிப்பட்ட இரண்டு குரோமோசோம்கள் ஒட்டி ஒன்றாகிவிடும் ராபர்ட்சோனியன் இடமாற்றத்தில் இரண்டு குட்டைக் கைகளே தொலைந்துபோகின்றன. அப்படிப்பட்டவர்களில் பலர் அது தெரியாமலே வாழ்ந்துவிடுகிறார்கள்.

புற்றுநோய்ச் செல்களில் கதை வேறு. ஒரே மாதிரியான படிகள் அடுத்தடுத்து இருப்பதால், உடைந்த டி.என்.ஏ.வை ஒட்டும்போது வரிசை தவறி, சில படிகள் கழன்றுவிடுகின்றன. பல கட்டிகளில் இந்தக் குறைவு தென்படுகிறது. புற்றுநோய் எளிதில் தாக்க இடம்தரும் பரம்பரை நோயான புளூம் நோய்க்குறியிலும் இவ்வரிசை வெகுவாகக் கலைந்திருக்கிறது. ஆனால் குறைவு நோயின் காரணமா, விளைவா? என் பார்வையில், பெரும்பாலும் விளைவுதான்.