கொலைகாரனைத் தெரிந்த பிறகும்

அன்புள்ள சார்,

நெடுநாளாக உங்களை வாசித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை.

கல்லூரி முடியும்வரை நான் படித்ததெல்லாம் துப்பறியும் கதை, அறிவியல் புனைகதை, பேய்க்கதை இவைதான். ராத்திரி ஒன்றை எடுத்தால் முடித்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பேன். பிறகு நண்பர்கள் வழியாகத் தீவிர இலக்கியத்துக்கு வந்தேன். "இன்னுமா அதெல்லாம் படிக்கிறாய்?" என்று அவர்களில் ஒருவர் கேட்டது இன்றும் நினைவிருக்கிறது. அதோடு விட்டேன்.

இப்போது நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. அந்தப் பழைய சுகம் மறுபடி வேண்டும் போலிருக்கிறது. ஆனால் முடியவில்லை. முப்பதாவது பக்கத்தில் கொலைகாரன் யாரென்று தெரிந்துவிடுகிறது. கடைசி அத்தியாயத்தைப் புரட்டிப் பார்த்தால் அவனேதான். அறிவியல் புனைகதையை எடுத்தால், "இது ஏற்கெனவே படித்ததுதானே" என்று முதல் அத்தியாயத்திலேயே தோன்றிவிடுகிறது. எல்லோரும் கொண்டாடுகிறார்களே என்று ஏழு பாக மிகுபுனைவு (ஃபேன்டஸி) தொடர் ஒன்றை மொத்தமாக வாங்கினேன். முதல் பாகத்தில் பாதி தாண்டவில்லை. நடுநடுவே கை தானாகப் போனுக்குப் போகிறது.

என் ரசனை வளர்ந்துவிட்டதா, வயதாகிவிட்டதா, இல்லை இப்போது வருகிற புத்தகங்கள்தான் சரியில்லையா? அந்த ஆர்வம் திரும்ப வர வழி உண்டா? சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர் (பெயர் வேண்டாமே)

*

அன்புள்ள நண்பருக்கு,

சிரிக்கவில்லை. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். கவிதை புரியவில்லை என்று எழுதுகிறவர்கள் முழு முகவரியோடு, கொஞ்சம் கோபத்தோடும்கூட எழுதுகிறார்கள். துப்பறியும் கதை முன்போல ருசிக்கவில்லை என்பவர்கள்தான் பெயரைப் போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

ஆகவே முதலில் அந்த வெட்கத்தை முடித்துவிடலாம். கவிஞர் டபிள்யூ. ஹெச். ஆடன் 1948-ல் துப்பறியும் கதைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். குடியும் புகையும் போல இது தனக்கு ஒரு போதைப் பழக்கம் என்றுதான் ஆரம்பிக்கிறார். வேலை இருக்கும் நாளில் கையில் ஒன்று அகப்பட்டுவிடக் கூடாதாம், தொட்டால் முடிக்காமல் வைக்க முடியாதாம். அதே ஆண்டுதான் அவருடைய கவிதைக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. மறுபக்கம் விமர்சகர் எட்மண்ட் வில்சன். 1944-ல் நியூயார்க்கர் இதழில், ஜனங்கள் இதையெல்லாம் ஏன்தான் படிக்கிறார்கள் என்று கேட்டு எழுதினார். வாசகர்கள் கடிதங்களாக எழுதிக் குவித்தார்கள், நீங்கள் படித்தது சரியில்லை, இதைப் படியுங்கள், அதைப் படியுங்கள் என்று. மனிதர் அவற்றையும் படித்துப் பார்த்துவிட்டு 1945-ல் முன்னைவிடக் காட்டமாக எழுதினார். இருவருமே இலக்கியத்தில் ஊறியவர்கள். அதனால் ரசனை வளர்ந்தால் இது பிடிக்காமல் போகும் என்றோ, பிடித்தால் ரசனை வளரவில்லை என்றோ யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சரி, உங்களுக்கு என்னதான் ஆயிற்று? எனக்குத் தோன்றுவது, நீங்கள் இந்த ஆட்டத்தில் தேறிவிட்டீர்கள்.

ஒரு மர்ம நாவலில் இப்படி ஒரு இடம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே விடாத மழை. துப்பறிகிறவர் அறைக்குள் நுழைகிறார். மேசைமேல் மூடி திறந்த பேனா, பாதி எழுதிய கடிதம். இப்போதுதான் வந்து சேர்ந்தேன் என்கிற விருந்தாளியின் குடை, சுவரோரம் காய்ந்து கிடக்கிறது. பக்கத்தில் ஒரு சால்வை. சுவரில் நின்றுபோன கடிகாரம். அடுத்த வரியில் மாடியிலிருந்து ஒரு அலறல். எல்லோரும் மேலே ஓடுகிறார்கள்.

பதினைந்து வயதில் நீங்களும் அவர்களோடு சேர்ந்து ஓடினீர்கள். இப்போது ஓடுவதில்லை. குடையைப் பார்த்துக்கொண்டு கீழேயே நின்றுவிடுகிறீர்கள். முக்கியமான பொருளை நடுவில் சொருகு, கண்ணைப் பறிப்பதைக் கடைசியில் வை, உடனே ஒரு சத்தம் எழுப்பு. எழுதுகிறவர்கள் வழிவழியாகச் செய்துவரும் வித்தை இது. இன்னும் இருக்கின்றன. எல்லோருக்கும் ஓடி ஓடி உதவி செய்கிற நல்லவர். கதையில் ஒரு வேலையும் இல்லாமல் இரண்டு பக்கம் வர்ணிக்கப்படுகிற தோட்டக்காரர். ஊரே சந்தேகப்படுகிற, ஆகவே நிச்சயமாகக் குற்றம் செய்யாத, முன்கோபி. இத்தனையும் தெரிந்த பிறகு முப்பதாவது பக்கத்தில் உங்களிடம் பிடிபடுவது எழுத்தாளர்தான். கொலைகாரன் அவர் பின்னாலேயே வந்து மாட்டிக்கொள்கிறான்.

புத்தகங்கள் சரியில்லையா என்று கேட்டிருந்தீர்கள். எந்தக் காலத்திலும் பெரும்பாலானவை சுமார்தான். அன்றும் சுமாரானவற்றைத்தான் அள்ளி அள்ளிப் படித்தோம், சுமார் என்று தெரியாமல். இன்றைக்கு ஒரு வித்தியாசம், பத்து நிமிடத்துக்கு ஒரு ட்விஸ்ட் என்று வெப் சீரிஸ்களே ஊட்டிவிடுகின்றன. திடுக்கிடுவதற்கென்று ஒருவர் புத்தகத்தைத் தேடி வரவேண்டிய அவசியம் குறைந்துவிட்டது.

நான் சொல்ல நினைப்பது வேறு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை என்று தொடங்கி, உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளாக எட்டு மெய்ப்பாடுகள் வரும். நான்காவது மருட்கை, அதாவது வியப்பு. ஐந்தாவது அச்சம். அறிவியல் புனைகதையும் பேய்க்கதையும் இந்த இரண்டை நம்பித்தான் கடை விரித்திருக்கின்றன. மருட்கை எதிலிருந்தெல்லாம் பிறக்கும் என்பதற்கு அந்த நூல் நான்கைச் சொல்கிறது: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். இதுவரை காணாதது புதுமை. அளவுகடந்து பெரிதாக இருப்பது பெருமை, அளவுகடந்து நுண்ணியதாக இருப்பது சிறுமை. ஒன்று இன்னொன்றாகத் திரிவது ஆக்கம். ராக்கெட் பறக்கிற கதைகளுக்கு இதைவிடக் கச்சிதமான இலக்கணத்தை நான் எங்கும் படித்ததில்லை.

நான்கில் புதுமை ஒன்றுதான் படிக்கப் படிக்கத் தீர்ந்துபோகிறது. நீங்கள் புத்தகத்தைத் திறந்ததும் தேடுவது அதைத்தான். கிடைக்கவில்லை என்றதும் மூடிவிடுகிறீர்கள். மற்ற மூன்றும் அதே பக்கங்களில் இருக்கின்றன.

செவ்வாய்வாசிகள் பூமிமேல் படையெடுக்கிற கதையான ஹெச்.ஜி. வெல்ஸின் 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' 1898-ல் புத்தகமாக வந்தது. செவ்வாயில் அறிவுள்ள உயிர்கள் இருக்கலாம் என்று படித்தவர்களே பேசிக்கொண்டிருந்த காலம். 1965-ல் மரைனர் 4 விண்கலம் அந்தக் கோளைக் கடந்துபோகையில் எடுத்து அனுப்பிய படங்களில் இருந்தது குழிகள் விழுந்த வறண்ட தரை. அத்தோடு புதுமை போயிற்று. வேற்றுக்கோள் படையெடுப்பை அதற்குப் பிறகு எத்தனை சினிமாக்களில் பார்த்தாயிற்று! ஆனாலும் ஓர் இடம் இருக்கிறது. கதைசொல்லி பல நாள் இடிபாடுகளுக்குள் ஒளிந்திருந்துவிட்டு வெளியே வருகிறான். அவனுக்குத் தெரிந்த ஊர் அங்கே இல்லை. தன் வளைக்குத் திரும்புகிற முயல், அதே இடத்தில் ஆட்கள் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருப்பதைக் கண்டால் எப்படி இருக்கும், அப்படி உணர்கிறான். அந்த ஆட்களுக்கு முயல்மேல் விரோதம் ஒன்றும் இல்லை, அதை அவர்கள் கவனிக்கவே இல்லை. அப்புறம் முடிவு. இத்தனை வருடம் ஆகிவிட்டது, சொன்னால் தப்பில்லை. எந்தப் பீரங்கியாலும் நிறுத்த முடியாத செவ்வாய்வாசிகளைக் கொல்வது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். பெருமையும் சிறுமையும் ஒரே கதையில். முடிவு முன்பே தெரிந்திருந்தால், முதல் பக்கத்திலிருந்தே அந்த நுண்ணுயிர்களை மனதில் வைத்துக்கொண்டு படிக்கலாம். நான் அப்படித்தான் படிக்கிறேன், இன்னும் நன்றாக இருக்கிறது.

ஆக்கத்துக்கு ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் 'டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்'. ஜெகில், ஹைட் என்ற பெயர்களைக் கேட்டதுமே ஒரே ஆளின் இரண்டு உருவம் என்று இன்று புத்தகத்தைத் தொடாதவர்களுக்கும் தெரியும். 1886-ல் அதை வாங்கியவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு அது ஒரு மர்மக் கதை. ஒரு வக்கீல், தன் நண்பரை ஆட்டிவைக்கிற இந்த ஹைட் யார் என்று விசாரித்துக்கொண்டே போகிறார். உள்ள பத்து அத்தியாயங்களில் ஒன்பதாவதில்தான் உண்மை உடைகிறது. அந்தப் புதிர் இன்று யாருக்கும் புதிர் இல்லை, புத்தகமோ விற்றுக்கொண்டேதான் இருக்கிறது. ஜெகில் தன் வாக்குமூலத்தில் ஒரு காலைப்பொழுதைச் சொல்கிறார். படுக்கையில் கண் விழிக்கிறார். ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறது. போர்வைமேல் கிடக்கும் தன் கையைப் பார்க்கிறார். நரம்பு புடைத்த, மயிர் அடர்ந்த, ஹைட்டின் கை. வழக்கமாக உருவத்தை மாற்றுகிற அந்த மருந்தைக் குடிக்காமலே, ஜெகிலாகத் தூங்கி ஹைட்டாக எழுந்திருக்கிறார். விடை தெரிந்தவர்களுக்குத்தான் அந்தப் போர்வைக் காட்சி முழு பலத்தோடு இறங்கும். முதல் வாசிப்பில் விடை கிடைத்த பரபரப்பில் நாம் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

துப்பறியும் கதைக்கு இது பொருந்துமா, அங்கே புதிர்தானே எல்லாம் என்று நீங்கள் கேட்கலாம். ஆர். ஆஸ்டின் ஃப்ரீமன் 1912-ல் 'தி சிங்கிங் போன்' என்று ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். அதில் பெரும்பாலான கதைகளில் யார் கொன்றது, எப்படிக் கொன்றது என்பதை முதல் பாதியிலேயே காட்டிவிடுகிறார். தடயங்களிலிருந்து துப்பறிகிறவர் எப்படி அங்கே வந்து சேர்கிறார் என்பதுதான் பாக்கிப் பாதி. அதாவது, உங்களை வாட்டுகிற குறையை ஒரு மனிதர் வேண்டுமென்றே கதைக்குள் கொண்டுவந்து வைத்தார். இன்றும் அதற்கென்று ஒரு கிளை தழைத்திருக்கிறது.

படித்து முடித்த மர்ம நாவலை உடனே முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்துப் பாருங்கள். கொலைகாரர் வாயைத் திறக்கும் இடங்களை மட்டும் கவனியுங்கள். கணவரை இழந்த பெண் விசாரணையின்போது, "அவர் இல்லாமல் இந்த வீட்டில் தூக்கமே வராது என்று நினைத்தேன்" என்கிறாள். முதல் தடவை அது துக்கம். இரண்டாம் தடவை அந்த 'நினைத்தேன்' கண்ணில் படும். நன்றாகத் தூங்குகிறாள்! ஒரே வாக்கியம் இரண்டு வாசகர்களுக்கும் உண்மையாக இருக்கவேண்டும், பொய் சொல்லிவிடவும் கூடாது. மட்டமான நாவலில் இந்த இடங்கள் இரண்டாம் தடவை பல்லிளித்துவிடும். ஆடன் மட்டும் இங்கே எனக்கு எதிர்க்கட்சி. முடித்த கையோடு கதை மறந்துபோகும், மறுபடி படிக்கத் தோன்றாது என்கிறார் அவர். மறந்துபோகிறவர் தாராளமாக இரண்டாம் தடவையும் புதிதாகவே படித்திருக்கலாம்.

முடிவு தெரிந்தால் சுவை போகுமா என்று ஆராய்ச்சிகூட நடந்திருக்கிறது. 2011-ல் சான் டியகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிறுகதைகளின் முடிவை முன்பே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். தெரிந்து படித்தவர்கள் சற்றுக் கூடுதலாகவே ரசித்ததாக வந்தது. பின்னால் வந்த சில ஆய்வுகளில் நேர்மாறாகவும் வந்தது. அதனால் இதைக் காட்டி யாரிடமும் சண்டைக்குப் போக வேண்டாம். ஸ்பாய்லர் சொல்கிறவர்களுக்கு இது லைசென்ஸும் இல்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். விளக்கை அணைக்க மனமில்லாத அந்தப் பழைய பரபரப்பு, அதே வடிவில், திரும்பாது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்ததைத் தெரியாததாக்க முடியாது. வரப்போவது வேறு மாதிரியான ஆர்வம், கொஞ்சம் நிதானமானது. அதற்கும் ராத்திரி கண் விழிக்கலாம்.

எனக்கும் அறிவியல் புனைகதை சுத்தமாகக் கசந்துபோன ஒரு காலம் இருந்தது. அதை மாற்றியது பேய்க்கதை. பேய்க்கதையில் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. பேய் வரப்போகிறது என்பது அட்டையிலேயே இருக்கிறது. வரும் என்று தெரிவதால்தான், அவன் மாடிப்படியில் கால் வைக்கும்போது நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. முந்திக்கொண்டு விடை தேடுகிற உங்கள் மூளைக்கு அங்கே வேலை கிடையாது, சும்மா உட்கார்ந்து பயப்பட வேண்டியதுதான். சில மாதங்கள் அப்படி இருந்துவிட்டு மறுபடி விண்வெளிக்குப் போனபோது, கதை எங்கே போகிறது என்று முன்னால் ஓடிப் பார்க்கும் பழக்கம் வெகுவாகத் தணிந்திருந்தது. நீங்கள் அதிகம் கை வைக்காத வகை எதுவோ அதில் தொடங்குங்கள். நீங்கள் பேய்க்கதையும் தின்று தீர்த்தவர் என்பதால் சரித்திர சாகசக் கதையோ கடல் கதையோ சரிப்படலாம். சிறுகதையாக இருந்தால் நல்லது. ஒரே மூச்சில் முடியும், போன் பக்கத்து அறையில் அவ்வளவு நேரம் பொறுத்துக்கொள்ளும்.

அந்த ஏழு பாகத் தொடர்: எதுவென்று நீங்கள் சொல்லவில்லை, ஊகிக்க முடிகிறது. முதல் பாகத்தில் பாதிவரை பிடிக்காதவருக்கு மூன்றாம் பாகத்தில் பிடிக்கும் என்று அதன் ரசிகர்கள் சத்தியம் செய்வார்கள். அதற்குள் ஆயிரத்துச் சொச்சம் பக்கம் போய்விடும். ஆசைப்படுகிற யாருக்காவது மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள். அலமாரியில் இருந்தால் அது முறைத்துக்கொண்டே இருக்கும். அடுத்து என்ன எடுத்தீர்கள் என்று எழுதுங்கள், முடிந்தால் பெயரோடு.

அன்புடன்