காடு தெரியாத காட்டு மனிதர்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஓராங்குட்டான் என்ற வாலில்லாக் குரங்கைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். சரி, இந்த முறை மற்ற கேள்விகள் காத்திருக்கட்டும்.

கேள்வி: மலேசியாவின் சபா மாநிலத்துக்குச் சுற்றுலா போனபோது செபிலோக் ஓராங்குட்டான் மறுவாழ்வு மையத்தைப் பார்த்தோம். மேடை கட்டி ஓராங்குட்டான்களுக்குப் பழம் வைக்கிறார்கள், கூட்டமாக நின்று போட்டோ எடுக்கிறோம். இதற்குப் பெயர் மறுவாழ்வா? பேசாமல் காட்டில் விட்டுவிட வேண்டியதுதானே? (திருச்சி வாசகி)

பதில்: அந்த மேடைப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் கோயில் யானைக்கு வாழைப்பழம் நீட்டுகிற கூட்டம்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்த மேடைக்குப் பின்னால் சுமார் 43 சதுர கிலோமீட்டர் காடு இருக்கிறது. 1964இல் தொடங்கிய மையம் அது. மேடைக்கு வருகிறவை பாதி வழியில் இருப்பவை, காட்டுக்குள் போய்விட்டு, பசித்தால் திரும்பி வருபவை. அங்கே போடும் சாப்பாடு நாள் தவறாமல் ஒரே மாதிரி இருப்பது சிக்கனத்தால் அல்ல, சலித்துப்போய்த் தானாகத் தேடிப் போகட்டும் என்றுதான் (ஹாஸ்டல் மெஸ்ஸில் சாப்பிட்டவர்களுக்கு இந்தத் தத்துவம் உடனே புரியும்). காட்டில் பழம் பழுக்கிற காலத்தில் மேடைக்கு வருகிறவை குறைந்துவிடும். சுற்றுலாப் பயணிக்கு அது ஏமாற்றம், மையத்துக்கு அதுதான் நல்ல நாள்.

விட்டுவிடலாமே என்கிறீர்கள். நம் ஊரில் தெருவில் தொல்லை கொடுக்கிற குரங்கைக் கூண்டு வைத்துப் பிடித்து மலையடிவாரத்தில் விடுகிறார்களே, அந்தக் கணக்கு இங்கே சரிவராது. ஓராங்குட்டான் குட்டி ஆறேழு வருடம் தாயை விட்டு நகராது. எந்த மரம் எப்போது காய்க்கும், எந்தப் பட்டையை உரித்தால் உள்ளே தின்ன முடியும், கரையானை எப்படி எடுப்பது, இருட்டுவதற்குள் கிளைகளை மடக்கி எப்படிப் படுக்கை கட்டுவது, எல்லாமே அம்மாவைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வதுதான். மலாயில் ஓராங் என்றால் ஆள், ஹூத்தான் என்றால் காடு. காட்டு மனிதன் என்று பெயர் வைத்தாயிற்று, ஆனால் மையத்துக்கு வந்து சேருகிற குட்டிக்குக் காடு தெரியாது, ஏனென்றால் தாயைக் கொல்லாமல் அந்தக் குட்டியைப் பிடித்திருக்கவே முடியாது. தாய் உயிரோடு இருக்கும்வரை பிடியை விடமாட்டாள்.

அந்தத் தாயின் இடத்தில் இன்று கூலிக்கு வருகிற பெண்கள் இருக்கிறார்கள். இந்தோனேசியாவின் மத்திய கலிமந்தானில் 1999இல் தொடங்கிய நியாரு மெந்தெங் மையத்தில், காலையில் குட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பக்கத்துக் காட்டுக்கு அழைத்துப்போவார்கள். அதற்குப் பெயரே காட்டுப் பள்ளிக்கூடம். ரப்பர் பாம்பைப் போட்டு, அதைப் பார்த்துப் பதறுவதுபோல் நடித்துக் காட்டுவதும் பாடத்தில் சேர்த்தி. குட்டி தரையில் விளையாடினால் அதட்டல், மரத்தில் ஏறினால் பாராட்டு. நம் வீடுகளில் நடப்பதற்கு நேர் எதிர்! பள்ளி முடிந்ததும் ஆற்றுத் தீவுகளில் சில காலம். ஓராங்குட்டானுக்கு நீந்தத் தெரியாது என்பதால் தண்ணீரே வேலி. அதையும் தாண்டியவைதான் நிஜக் காட்டுக்கு.

கேள்வி: இத்தனை வருடம் மனிதர்கள் தூக்கி வளர்த்துவிட்டு, பிறகு மனிதனை மறந்துவிடு என்றால் எப்படி? (கோவை வாசகர்)

பதில்: இந்த வேலையிலேயே கஷ்டமான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். தூக்காவிட்டால் குட்டி பிழைக்காது, தூக்கிக்கொண்டே இருந்தால் அது காட்டுக்குப் போகாது. அதனால் வளர வளர, வளர்த்தவர்களே கொஞ்சம் கொஞ்சமாக விலகுகிறார்கள். தீவுக்குப் போனபின் படகில் வந்து சாப்பாடு வைத்துவிட்டுப் போவதோடு சரி.

விலகத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு லூசி என்ற சிம்பன்சி இருக்கிறாள். அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் ஒரு உளவியலாளர் வீட்டில் மகள் மாதிரி வளர்ந்தவள், சைகை மொழியில் பேசுவாள். பெரியவளானதும் சமாளிக்க முடியவில்லை. 1977இல் ஆப்பிரிக்காவின் காம்பியாவுக்குக் கொண்டுபோனார்கள். கூடப் போன ஜானிஸ் கார்ட்டர் என்ற மாணவி ஒரு தீவில் தானே கூண்டுக்குள் குடியிருந்துகொண்டு, இலையைத் தின்று காட்டி, வருடக்கணக்கில் பாடம் எடுத்தார். லூசி வெகுநாள்வரை இலையைத் தொடவில்லை, சைகையில் கேட்டுக்கொண்டே இருந்தாள். 1987இல் இறந்துபோனாள். யாரும் லூசியைக் கொடுமைப்படுத்தவில்லை, அன்பாகத்தான் வளர்த்தார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது.

கேள்வி: டயப்பர் கட்டிய குட்டி ஓராங்குட்டான் வீடியோவை என் பையன் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். தப்பா? (மதுரை வாசகி)

பதில்: பையன்மேல் தப்பில்லை. அந்தக் குட்டியின் அம்மா எங்கே என்று ஒரு தடவை கேட்டு வையுங்கள்.

கேள்வி: விட்டபிறகு பிழைக்கிறதா, எப்படித் தெரியும்? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: விடுவதற்கு முன் தோலுக்கடியில் சின்ன ரேடியோ கருவி வைத்துவிடுவார்கள். விட்டபின் ஆட்கள் பின்னாலேயே நடந்து, என்ன தின்கிறது, எங்கே தூங்குகிறது என்று குறித்துக்கொண்டே இருப்பார்கள்.

எங்கே விடுவது என்பது தனித் தலைவலி. காசநோய், ஹெப்படைட்டிஸ், சாதாரணச் சளிகூட நம்மிடமிருந்து அவற்றுக்குத் தொற்றும். அதனால்தான் ஏற்கெனவே காட்டு ஓராங்குட்டான்கள் வாழும் காட்டில் மையத்தில் வளர்ந்தவற்றை விடக்கூடாது என்று 1995இல் இந்தோனேசியா விதி போட்டது. ரத்தக் கலப்பு இன்னொரு சிக்கல். கலிமந்தானின் தஞ்சுங் புத்திங் காட்டில் முன்பு விடப்பட்ட இரண்டு பெண் ஓராங்குட்டான்கள் வேறு துணையினத்தைச் சேர்ந்தவை என்பது மரபணுவைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதற்குள் குறைந்தது 22 வாரிசுகள்!

பிழைப்பு எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி அமைவதில்லை. சுமத்ராவில் கோபர் என்ற பெண் ஓராங்குட்டானுக்குக் கண்புரையால் பார்வை போயிருந்தது. 2011இல் மையத்தில் இரட்டைக் குட்டி போட்டாள், குட்டிகளை அவள் பார்த்ததே 2012இல் அறுவை சிகிச்சை நடந்தபிறகுதான். 2015இல் மூன்றையும் ஆச்சே மாநிலத்தின் ஜந்தோ காட்டில் விட்டார்கள். பெண்குட்டி தாய்க்கு ஈடுகொடுத்து மரம் தாவியது, ஆண்குட்டிக்கு முடியவில்லை, திரும்பக் கூட்டி வந்துவிட்டார்கள். அதே ஜந்தோவில் விடப்பட்ட வேறு பெண்கள் காட்டிலேயே குட்டி போட்டிருக்கின்றன. அதுதான் உண்மையான ரிசல்ட்.

கேள்வி: இந்தப் பணத்தைக் காட்டைக் காப்பாற்றச் செலவழித்தால் என்ன? (சேலம் வாசகர்)

பதில்: காடுதான் முதலில், சந்தேகமே இல்லை. பத்திரமான காடு கிடைக்காமல் கலிமந்தானில் ஒரு பெரிய அறக்கட்டளை 2002 முதல் 2012 வரை ஒன்றைக்கூட விடமுடியாமல் தவித்தது, பள்ளி முடித்தவை கூண்டிலேயே வளர்ந்துகொண்டிருந்தன. ஆனால் மையங்களை மூடிவிட்டால், சட்டவிரோதமாக வைத்திருப்பவர்களிடம் பறிமுதல் செய்த குட்டியை அதிகாரி எங்கே கொண்டுபோவார்? கொண்டுபோக இடமில்லை என்றால் பறிமுதலே செய்யமாட்டார். அப்புறம், எல்லாமே திரும்பிப் போகக்கூடியவையும் அல்ல. 2019இல் ஆச்சேயில் மீட்கப்பட்ட ஒரு தாயின் உடம்பில் 74 ஏர்கன் குண்டுகள், இரண்டு கண்ணும் போய்விட்டது, கூட இருந்த குட்டியும் செத்துவிட்டது. அவளுக்கு நம்பிக்கை என்று அர்த்தம் வரும்படி ஹோப் என்று பெயர் வைத்தார்கள். அவளை எந்தக் காட்டில் விட முடியும்?

கேள்வி: நான் தன்னார்வலராகப் போய்க் குட்டியைத் தூக்கி வளர்க்க ஆசைப்படுகிறேன். முடியுமா? (சென்னை கல்லூரி மாணவி)

பதில்: ஒழுங்கான மையம் எதுவும் உங்களைத் தொடவிடாது. தொடவிட்டால், தூக்கி வைத்துப் போட்டோ எடுக்கவிட்டால், அந்த இடத்திலிருந்து கிளம்பிவிடுங்கள். நல்ல இடங்களில் வேலி அடிக்க, பாதை போட, தீனி வைக்கும் மேடை கட்ட ஆள் எடுக்கிறார்கள். அதற்கும் கட்டணம் நீங்கள்தான் கட்டவேண்டும்.