வெளியூரில் தொழிற்சாலை வேலை: இரண்டு வாரமாகியும் மனம் ஒட்டவில்லை, விட்டுவிடலாமா?

வீட்டை விட்டு வெகுதூரம் வந்து தொழிற்சாலையில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது, இரவு ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்தால் தூக்கம் பிடிப்பதில்லை, பேச ஆளில்லை, வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த இரண்டு வாரத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். இதே நிலையில் ஒரு நாள் விடிந்ததும் பையைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவன் நான். வீட்டு ஞாபகம்தான் வாட்டுகிறது என்று நினைத்தேன். பாதிக்கு மேல் அது தூக்கமில்லாத உடம்பின் வேலை என்பது பிறகுதான் தெரிந்தது. விடியற்காலை 4, 5 மணிவாக்கில் நம் உடல் வெப்பம் மிகவும் தாழ்ந்திருக்கும். கண் செருகும், மனமும் கூடவே சுருங்கும். அந்த நேரத்தில் தோன்றுகிற எதையும் நம்பி ராஜினாமாக் கடிதம் எழுதக் கூடாது.

முதலில் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். ஜன்னலில் வெளிச்சம் நுழையாத அளவுக்குத் தடித்த துணியைக் கட்டுங்கள். டீ, காபியை ஷிஃப்டின் முதல் பாதியோடு நிறுத்திவிடுங்கள். அதில் இருக்கும் காஃபீனில் பாதி சுமார் 5 மணி நேரம் கழித்தும் உடம்பிலேயே இருக்கும். நீங்கள் தூங்கும் நேரத்தை வீட்டாரிடம் சொல்லிவையுங்கள். பாசத்தில்தான் கூப்பிடுகிறார்கள், ஆனால் நடுத்தூக்கத்தில் மணி அடித்தால் அன்றைய பொழுதே போய்விடும். ஷிஃப்ட் மாற்றும்போது காலை, மாலை, இரவு என்ற வரிசையில் போனால் உடம்பு சற்று எளிதாக ஏற்றுக்கொள்ளும். கேட்டு வாங்க முடிந்தால் அப்படி வாங்குங்கள்.

தனிமைக்கு வருகிறேன். அதை அறைக்குள் உட்கார்ந்து தீர்க்க முடியாது. எனக்கு அது தீர்ந்தது மெஷின் பக்கத்தில்.

அட்டைப் பெட்டிகளை மடித்து ஒட்டும் லைனில் என்னைப் போட்டிருந்தார்கள். சூப்பர்வைசர் அத்தனை இரைச்சலுக்கு நடுவில் ஏதோ கத்திச் சொல்லிவிட்டு, "புரிந்ததா?" என்று கேட்டார். பாதிகூடக் காதில் விழவில்லை. புதியவன், மறுபடி கேட்டால் என்ன நினைப்பாரோ என்று தலையாட்டிவிட்டேன். மூன்றாம் நாள் இரவு ஒரு பெட்டி குறுக்கே சிக்கி மெஷின் நின்றது. மூடியைத் தள்ளிவிட்டு உள்ளே கையை நீட்டினேன். பக்கத்து லைனில் இருந்த வயதான ஆபரேட்டர் ஓடி வந்து என் முழங்கையைப் பிடித்து இழுத்துவிட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

திட்டவில்லை. மெயின் ஸ்விட்சை அணைத்து, இடுப்பில் தொங்கிய சிறிய பூட்டை எடுத்து அதில் மாட்டிப் பூட்டினார். பிறகு மெஷினை அசைக்கும் அழுத்தக் காற்றை வெளியேற்றக் காற்றுக் குழாயின் வால்வைத் திறந்தார். உஸ்ஸென்று நீளமாகக் காற்று வெளியேறியது. "மின்சாரம் போனாலும் சிலிண்டரில் அடைபட்ட காற்று போதும், விரலை நசுக்க" என்றார். சாவியை என் உள்ளங்கையில் வைத்து, "இது உன் சட்டைப் பையில் இருக்கிற வரை யாராலும் இந்த மெஷினை ஓட்ட முடியாது. இனிமேல் பூட்டிவிட்டுக் கையை விடு, தம்பி" என்றார். சிக்கிய பெட்டியை உருவியிருந்தால், சென்சார் வழி திறந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு மெஷின் அந்த நொடியே ஓடத் தொடங்கியிருக்கும். மூடியைத் திறந்ததும் தானாக நிற்க வேண்டிய மெஷின் அது. அந்த ஏற்பாடு பழுதாகிக் கிடந்தது.

அன்றுதான் உண்மையைச் சொன்னேன்: "அண்ணா, சூப்பர்வைசர் சொன்னது எதுவும் எனக்குக் கேட்கவில்லை." இடைவேளையில் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிக் கொடுத்து, என் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்தார். மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் கேட் அருகே எனக்காக நின்றுகொண்டிருந்தார். பேச ஆளில்லை என்ற குறை அதோடு போனது. வேலையைப் பற்றிய கேள்விதான் எங்களைச் சேர்த்து வைத்தது. தன் தொழிலை நன்றாக அறிந்தவருக்கு அதைக் கேட்பவன் மீது தனிப் பிரியம் வந்துவிடுகிறது. இதைப் பிறகும் பல முறை பார்த்திருக்கிறேன்.

இரைச்சலைத் தடுக்கக் காதுக்குள் வைக்கும் ஸ்பாஞ்சு அடைப்பான், அதாவது இயர் பிளக், அதைப் போடக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். பலரும் அதைக் காது வாசலில் செருகிவிட்டு நிற்கிறார்கள். விரல்களால் உருட்டி மெல்லிய திரிபோல ஆக்க வேண்டும். மற்றொரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். 85 டெசிபெல் இரைச்சலில் நாள்தோறும் 8 மணி நேரம் நின்றாலே செவித்திறன் குறையத் தொடங்கலாம். போனது திரும்பாது.

என்ன ஆனாலும் விடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து வேலையிலிருந்து விலகி நிற்பவரைத் தண்டிக்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்கிறது. சொல்லியும் கேட்காத இடமென்றால், சம்பளம் ஒழுங்காக வராத இடமென்றால், தாராளமாகக் கிளம்புங்கள். அது தோல்வியே இல்லை.

அப்படி எதுவும் இல்லையென்றால் மூன்று மாதம் பொறுங்கள். இன்று ஷிஃப்டுக்குப் போனதும், தலையாட்டிவிட்டு வந்த ஒரு விஷயம் உங்களுக்கும் இருக்கும் அல்லவா, அதைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேளுங்கள்.